புழுதியும் ஒரு போர்வையே

பகலில் காய்ந்த நிலம், இரவில் அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானுக்கு விட்டுக் குளிர்கிறது. கோடையில் ராஜஸ்தானின் தார் பாலையில் எழும் புழுதி இதைத் தடுக்கிறது. புழுதியிலுள்ள குவார்ட்ஸ், களிமண் துகள்கள் அக்கதிரை உறிஞ்சி, ஒரு பகுதியைத் தரைக்கே திருப்புகின்றன. பகலில் வெயிலை மறைக்கும் புழுதி இரவில் போர்வையாகிறது.

இதற்குக் காற்றை மட்டும் குறை சொல்வது சரியல்ல. மூடாக்கில்லாத மண்ணும் காரணமே. ஜோத்பூரில் 1959 முதல் இயங்கும் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையம், காற்றுத்தடுப்பு மர வரிசைகளைப் பரிந்துரைக்கிறது.

நம் மானாவாரி நிலத்துக்கும் ஆடிக்காற்று உண்டு. விவசாயிகளே, தாள்கட்டையைக் கொளுத்தாதீர்கள். மேற்கு வரப்பில் சவுக்கோ வேம்போ நடுங்கள். நிழலால் இரண்டு சால் விளைச்சல் குறையலாம். ஆனால் சத்துள்ள மேல்மண் தங்கும். பறந்த மண் திரும்பாது.