கோழிக்காலும் மூன்று வெப்பமானியும்
எங்கட கோழிக்கறிக்கு வெப்பமானி தேவையில்லை. அரை மணித்தியாலம் கொதிச்ச கறியில் எதை அளக்கிறது? ஆனால் போன வருசம் முற்றத்தில் கரி மூட்டிக் கோழிக்கால் சுட்டனாங்கள். வெளியிலை கருகி, எலும்போடை பச்சையாக இருந்ததைத் தின்று இரண்டு பேர் இரண்டு நாள் படுத்தார்கள். நிறத்தைப் பார்த்து வெந்திட்டுதெண்டு சொல்லேலாது; தடிப்பான இடத்தில், எலும்பில் முட்டாமல் குத்தினால் 74 பாகை செல்சியஸ் வரவேணும்.

பிறகுதான் வெப்பமானி வாங்கத் தொடங்கினம். முதலாவது, குழாய்த் தண்ணியில் கழுவினதோடை செத்துப்போச்சு. இரண்டாவதின் வயர் போறணைக் கதவுக்குள் நசிஞ்சு அறுந்தது. மூன்றாவது, முள் சுத்துற வட்ட மீற்றர். பற்றரி வேண்டாம், லேசில் உடையாது. ஆனால் கம்பி ஐந்தாறு சென்ரிமீற்றர் உள்ளே போனால்தான் சரியாகக் காட்டும். கோழிக்காலில் அதுக்கு எங்கை இடம்?

ஆகவே இப்ப நாங்கள் சொல்லுறது இதுதான்: வயர் இல்லாத, கம்பி மடக்கிற டிஜிட்டல் ஒன்று. பெட்டியில் ஐ.பி.67 என்று இருக்கோணும். ஒரு மீற்றர் தண்ணிக்குள் அரை மணித்தியாலம் தாங்கும். பற்றரி சந்திக் கடையில் கிடைக்கிற சைசாக இருக்கோணும். புளூடூத், போன் அப் எல்லாம் பழுதாகிறதுக்குப் புதுப்புது வழிகள். மூன்று மலிவுச் சாமானுக்குக் கொட்டின காசைச் சேர்த்து முதலிலேயே இப்படி ஒன்று வாங்கியிருக்கலாம்.

வாங்கினவுடன் கோப்பை நிறைய ஐஸ் கட்டி போட்டு, தண்ணி விட்டுக் கலக்கி, கம்பியை வைச்சுப் பாருங்கோ. பூச்சியம் காட்டோணும். எங்கடது ஒன்று காட்டுது. அதனால் 75 வரும்வரை பொறுக்கிறம்.