திரைக்கு அப்பால் ஒரு தோழமை

தொலைவிலிருந்தவாறே இணையத்தில் ஒன்றுகூடி விளையாடும் நண்பர்களைப் பற்றிய நகைச்சுவைத் தொடர்கள் மேனாட்டில் சில உண்டு. அமெரிக்க நடிகை ஃபெலிசியா டே எழுதி நடித்த 'தி கில்ட்' 2007 முதல் 2013 வரை இணையத்தில் வெளிவந்தது. பிரிட்டனின் 'டெட் பிக்சல்ஸ்' 2019-இல் தொலைக்காட்சியில் தொடங்கியது.

'தி கில்ட்' தொடரில் வருவோர் அறுவர். ஒரே அணியாய் நின்று போரிட்டும், நெடுநாள் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. தனிமையில் வாடும் நாயகிக்கு அவ்வணியே உறவாகிறது. அத்தொடரின் முதற்பருவத்தையும், முன்பின் அறியாத பார்வையாளர் அனுப்பிய நன்கொடையே பெரிதும் தாங்கி நின்றது. ஆகவே, இத்தகைய தோழமையைப் பொய்யென்று தள்ளிவிட இயலாது.

ஆயினும், அதே அணியில் கிளாரா என்னும் தாயும் இருக்கிறாள். மூன்று குழந்தைகள் வீட்டிலிருக்க, அவள் கண்ணோ திரையை விட்டு அகலாது. 'டெட் பிக்சல்ஸ்' தொடரின் உஸ்மான் ஒரு விமானி. அவரும் மனைவி மக்களை மறந்து விளையாட்டில் ஆழ்பவர். கண்டு சிரிக்கிறோம், சிரித்து முடித்ததும் நெஞ்சு உறுத்துகிறது.

அன்புக்குரிய பெற்றோரே, இதனைப் பிள்ளைகளின் குறை என்றே பேசிப் பழகிவிட்டோம். இத்தொடர்களோ பெற்றோரையும் அவ்விருக்கையில் அமர்த்திக் காட்டுகின்றன. எனவே, "விளையாட்டை நிறுத்து" என்று கடிந்துகொள்ளுமுன், "உன்னோடு விளையாடுவோர் யார்?" என்று பரிவோடு கேட்போம். பிள்ளை விடை கூறும் வேளையில், நம் கையிலுள்ள கைப்பேசியைக் கீழே வைப்போம்.