விடுதலைக்கு மறுநாள்

டெர்ரி ஆண்டர்சனை உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. அமெரிக்கர். அசோசியேட்டட் பிரஸ்ஸின் பெய்ரூட் நிருபர். 1985 மார்ச் 16-ம் தேதி காலை டென்னிஸ் ஆடிவிட்டு, கூட ஆடிய நண்பரை இறக்கிவிட்ட இடத்தில் துப்பாக்கி முனையில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். விட்டது 1991 டிசம்பர் 4-ல். மொத்தம் 2,454 நாட்கள். கடத்தப்பட்டபோது தாய் வயிற்றில் இருந்த மகளை, அவளுக்கு ஆறு வயதில்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

கட்டிப்பிடித்து அழுகிற போட்டோவோடு பேப்பரில் கதை முடிந்துவிடும். எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகு நடந்ததுதான்.

மனிதர் சும்மா இருக்கவில்லை. புத்தகம் எழுதினார், கல்லூரியில் பாடம் எடுத்தார், வியட்நாமில் பள்ளிக்கூடங்கள் கட்ட உதவினார். ஈரான் மீது வழக்குப் போட்டு ஜெயித்தார். முடக்கி வைத்திருந்த ஈரான் சொத்திலிருந்து சுமார் 2.6 கோடி டாலர் கிடைத்தது. ஆனால் 2009-ல் திவால்! தவறான முதலீடுகளில் பெரும்பகுதி போய்விட்டது. மணவாழ்க்கையும் நிலைக்கவில்லை. மகளோடு பல வருஷம் ஒட்டவில்லை. மகள் அதையெல்லாம் 2016-ல் புத்தகமாகவே எழுதினார். பிறகு இருவரும் சமாதானமானார்கள். 2024 ஏப்ரலில், 76 வயதில் ஆண்டர்சன் காலமானார்.

'இவ்வளவு பணத்தைத் தொலைத்துவிட்டாரே' என்று சொல்வது சுலபம். பேங்கில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. விபத்து நஷ்டஈட்டுச் செக்கோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "எங்க சார் கையெழுத்து?" என்பார்கள், அவ்வளவுதான். வட்டி எவ்வளவு என்றுகூடக் கேட்க மாட்டார்கள். கூடவே எல்லாம் தெரிந்த சொந்தக்காரர் ஒருவர் நிற்பார். மனசு ஆறாதவர் கையில் திடீரென்று பெரிய பணம் வருவது இன்னொரு ஆபத்து.

ஆகவே என் கட்சி இது: ஆளை மீட்டுக் கொண்டுவருவது பாதி வேலைதான். நிருபரைச் சண்டை நடக்கிற ஊருக்கு அனுப்புகிற நிறுவனம், அவருக்கும் குடும்பத்துக்கும் பல வருஷம் மனநல சிகிச்சைக்குப் பொறுப்பேற்க வேண்டும். பணம் வந்தால் முதல் ஒரு வருஷம் அதைத் தொடாமல் டெபாசிட்டில் போட்டு வைக்கச் சொல்ல, கமிஷன் வாங்காத ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. திரும்பி வந்தவரை முதல் வாரம் ஊரே போய்ப் பார்க்கும். ஆறு மாதம் கழித்து ஒருநாள் போய், பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.