பழியை நட்சத்திரமீன் மேல் மட்டும் போட்டால்?

"பவளத்தைத் தின்பது முட்கிரீட நட்சத்திரமீன். அதைக் கொன்றால் தீர்ந்தது. வயல் உரத்தை எதற்கு இழுக்கிறீர்கள்?" என்கிறார் திருக்காட்டுப்பள்ளி நண்பர். தின்பது உண்மைதான். வயிற்றை வாய்வழியே வெளியே தள்ளி, பவளத்தின் மேல் விரித்து, அங்கேயே செரித்து உறிஞ்சிவிடும். மிஞ்சுவது வெறும் வெள்ளைக் கூடு. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் 1985 முதல் 2012 வரை பவளப் பரப்பு ஏறக்குறையப் பாதியானது. அந்த இழப்பில் 42 சதவீதத்தை ஆய்வாளர்கள் இந்த நட்சத்திரமீனின் கணக்கில்தான் எழுதினார்கள். ஆனால் புயலின் கணக்கில் 48 என்பதை நண்பர் சௌகரியமாக விழுங்கிவிட்டார்.

இந்த நட்சத்திரமீன் வந்தேறிப் பூச்சியுமல்ல, காலங்காலமாக அங்கேயே வாழ்வது. ஒரு பெண் கோடிக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் பிழைப்பது மிதவைப் பாசி கிடைப்பதைப் பொறுத்தது. குவீன்ஸ்லாந்துக் கரும்பு வயல்களின் தழைச்சத்து மழையோடு கடலுக்குப் போய் அந்தப் பாசியைப் பெருக்குகிறது என்பது ஆய்வாளர் பலரின் சந்தேகம். வாதம் இன்னும் முடியவில்லை. அதற்காக, மூட்டை மூட்டையாக யூரியா வீசும் நாம் காதைப் பொத்திக்கொள்ளலாமா?

அங்கே முக்குளித்து ஒவ்வொரு நட்சத்திரமீனுக்கும் வினிகர் ஊசி போடுகிறார்கள். போடட்டும், அவசரத்துக்கு அதுவும் வேண்டும். நம் மன்னார் வளைகுடாவுக்கு எந்த ஊசி? தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியவர்கள் மனிதர்கள். 2016இல் அதை வெளுக்க வைத்தது கடல் சூடு. இத்தனை கைகள் உள்ள அந்தப் பிராணிக்கு இதில் ஒரு கைகூட இல்லை.