டென்மார்க் மன்னரின் சாசனமும் ஒரு பட்டப்படிப்பும்

ஒரு சமயத்தைப் பின்பற்றுவதும் அதைப் பட்டத்துக்குரிய பாடமாகப் பயில்வதும் வேறுவேறு என்பது விளக்கம் வேண்டாத செய்தியாகவே தோன்றும். ஆயினும் கிறிஸ்தவத்தை இளநிலைப் படிப்பாக எடுத்துக்கொள்ளும் மாணவரிடம் உறவினர் முதலில் கேட்பது, போதகராகப் போகிறாயா என்பதுதான். இந்தியாவைப் பொறுத்தவரை அக்கேள்வியில் நியாயமும் உண்டு. நம்பிக்கையுடைய ஒரு சமூகம் தன் நம்பிக்கையைத் தானே முறைப்பட ஆராய்ந்து விளக்கிக்கொள்ளும் கல்விக்கு இறையியல் என்று பெயர். இந்நாட்டில் கிறிஸ்தவம் பட்டநிலையில் கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் இறையியல் கல்லூரிகளின் மதிலுக்குள்தான். பொதுப் பல்கலைக்கழகம் வெளியே நின்றுகொண்டது. இந்தப் பிரிவினையின் கதை, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள செராம்பூரில் தொடங்குகிறது.

வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகிய பாப்டிஸ்டு மிஷனரிமார் மூவரும் 1818இல் அங்கே ஒரு கல்லூரியை நிறுவியபோது, அவ்வூர் ஆங்கிலேயருடையதாக இருக்கவில்லை. தரங்கம்பாடியைப் போல டென்மார்க்குக்கு உரியதாக இருந்தது. கிறிஸ்தவ இளைஞருக்கு மட்டுமன்றிப் பிறருக்கும் கீழைத்தேய இலக்கியத்தையும் ஐரோப்பிய அறிவியலையும் கற்பிப்பதே நிறுவனர்கள் அறிவித்த நோக்கம். டென்மார்க் மன்னர் ஆறாம் ஃபிரெடரிக் 1827இல் வழங்கிய அரச சாசனம், கோபன்ஹேகன், கீல் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்பாகப் பட்டமளிக்கும் உரிமையை அக்கல்லூரிக்குத் தந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் பிறப்பதற்கு அப்போது இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்தே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. எனினும், அந்த விற்பனை உடன்படிக்கை கல்லூரியின் சாசன உரிமையில் கைவைக்கவில்லை. இவ்வளவு அரிதாகக் கிடைத்துக் கவனமாகக் காக்கப்பட்ட உரிமை நெடுங்காலம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பி.டி. என்று சுருக்கி வழங்கப்படும் இறையியல் பட்டம் முதன்முதலில் அளிக்கப்பட்டது 1915இல். சாசனம் கைக்கு வந்து 88 ஆண்டுகள் அதற்குள் கழிந்திருந்தன. 1918ஆம் ஆண்டின் செராம்பூர் கல்லூரிச் சட்டம் செனட் என்னும் கல்விக்குழுவை ஏற்படுத்திய பிறகு, பல்வேறு திருச்சபைகளின் கல்லூரிகள் ஒவ்வொன்றாக அதனோடு இணைந்தன. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பயின்றவரும் சென்னை குருகுலத்தில் பயின்றவரும் தம்முடையது 'செராம்பூர் பட்டம்' என்று சொல்லிக்கொள்வது இதனால்தான்.

1857இல் தோன்றிய மூன்று பல்கலைக்கழகங்களும் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டன. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் ஆங்கிலிக்கன் திருச்சபையின் கொள்கை விதிகளுக்கு உடன்பட்டவர்க்கே பட்டம் என்றிருந்த காலத்தில், அந்தத் தடைக்கு மாற்றாக எழுந்தது லண்டன். சமயச் சச்சரவைத் தவிர்ப்பதற்கு இறையியலையே தவிர்த்துவிடுவது அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட வழி. சமய விவகாரங்களில் தலையிடுவதில்லை என்று சொல்லிக்கொண்ட காலனிய அரசுக்கு அவ்வழி வசதியாக அமைந்தது. மில்டனைப் பாடமாக வைத்துவிட்டு, மில்டன் படித்த வேதத்தைப் பாடத்துக்கு வெளியே நிறுத்திய விசித்திரமும் அதன் விளைவே.

மதிலுக்குள் நடப்பதை வெளியிலுள்ளோர் பெரும்பாலும் ஜெபமும் பிரசங்கப் பயிற்சியும் என்றே எண்ணுகின்றனர். உண்மையில், பி.டி. மாணவர் எதிர்கொள்ளும் முதல் அதிர்ச்சி மூலபாட ஆய்விலிருந்து வருகிறது. மூலபாட ஆய்வு என்பது, ஒரு நூலின் பழைய கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு எது முந்திய பாடம் எனத் தீர்மானிக்கும் முறை. சங்க நூல்களின் ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் உழைப்பை அறிந்த தமிழருக்கு இது அந்நியமான வேலையன்று. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் படியிலும் வத்திக்கான் படியிலும் மாற்கு நற்செய்தி 16ஆம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. கல்லறைக்கு வந்த பெண்கள் அஞ்சி ஓடுகின்றனர், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, நூல் முடிந்துபோகிறது. உயிர்த்த இயேசு சீடருக்குக் காட்சி தரும் அடுத்த பன்னிரண்டு வசனங்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என்பதே பெரும்பாலான அறிஞர் முடிவு. ஞாயிறு பள்ளியில் அவ்வசனங்களை மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய மாணவர் இதைக் கேட்டுத் திகைப்பது இயல்பு. அந்தத் திகைப்பை விழுங்கிவிடாமல் அதனோடு சில ஆண்டுகள் இருக்கப் பழக்குவதுதான் இப்படிப்பின் சாரமான பகுதி. எபிரேயமும் கிரேக்கமும் கற்பிக்கப்படுவது அதன்பொருட்டே. ஏசாயா 7:14இல் எபிரேய மூலம் 'இளம்பெண்' என்னும் பொருளுடைய சொல்லை ஆள, கிரேக்க மொழிபெயர்ப்பு அதைக் 'கன்னி' எனக் குறுக்க, மத்தேயு அந்தக் கிரேக்கத்தையே மேற்கோளாக எடுத்துக்கொண்டார் என்பதை இரு மொழியும் அறிந்தவரே தம் கண்ணால் சரிபார்க்க முடியும்.

தமிழில் பயில்பவருக்கு இன்னொரு வாயிலும் உண்டு. வேதாகமத்தைத் தமிழாக்கத் தொடங்கிய சீகன்பால்கு காலத்தில் 'சருவேசுரன்' என்றும், ஃபெப்ரீஷியஸ் மொழிபெயர்ப்பில் 'பராபரன்' என்றும், சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் ஓதப்படும் பதிப்பில் 'தேவன்' என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் 'கடவுள்' என்றும் ஒரே கிரேக்கச் சொல் தமிழாகியிருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் சைவ, வைணவ, வடமொழி மரபுகளோடு ஏதோவொரு உறவையோ விலகலையோ சுமந்துகொண்டுதான் வந்தது. இந்நான்கு சொற்களின் வரலாற்றை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட ஒரு பருவத்துக்குரிய பாடம் தேறும். அது தமிழ்த்துறைக்கு உரியதா, இறையியலுக்கு உரியதா என்பதில்தான் சிக்கல்.

இங்கிலாந்தில் இச்சிக்கலுக்கு வேறொரு விடை காணப்பட்டது. போர்க்காலத்தில் ராணுவத்தில் சேர்ந்து இலங்கைக்கு வந்து, அங்கே பௌத்தத்தை நேரில் அறிந்த நினியன் ஸ்மார்ட், 1967இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வித் துறையைத் தொடங்கினார். நம்புபவரின் உலகை அவர் பார்க்கும் விதமாகவே புரிந்துகொள்ள வேண்டும், ஆனால் அது மெய்யா பொய்யா என்னும் தீர்ப்பை ஆய்வாளர் ஒத்திவைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. அதன்படி கிறிஸ்தவத்தைக் கற்க ஞானஸ்நானம் வேண்டாம். இந்துவோ முஸ்லிமோ நாத்திகரோ கற்கலாம். சென்னை, மைசூர்ப் பல்கலைக்கழகங்களில் கிறிஸ்தவத்துக்கெனத் துறைகள் பின்னாளில் ஏற்பட்டனவெனினும் அவை முதுநிலைக்கும் ஆய்வுக்கும் உரியவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர் பயிலும் பாடத்துக்குக் 'கிறிஸ்தவ நாகரிகம்' என்று பெயர். நல்ல பெயர்தான்: சமயத்தை நாகரிகம் என்று அழைத்தவுடன் கட்டடக்கலையும் ஓவியமும் சட்டமும் பள்ளிக்கூட வரலாறும் உள்ளே வந்துவிடுகின்றன.

செராம்பூர்ப் பாடத்திட்டத்தில் இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனை என்னும் பகுதியில் மாணவர் படிக்கும் முன்னோடிகளுள் செஞ்சையாவும் சக்கரையும் முக்கியமானவர்கள். இருவரும் இறையியல் கல்லூரியில் உருவானவர்களல்லர், சட்டம் பயின்றவர்கள். இந்து சமயப் பின்னணியிலிருந்து வந்த இவர்கள், மேலைத் திருச்சபையின் கோட்பாடுகளை அப்படியே இறக்குமதி செய்வதை எதிர்த்தனர். இவர்களோடு வேறு சிலரும் சேர்ந்து எழுதிய கட்டுரைத் தொகுதி 1938இல் வெளிவந்தது. பக்தி நெறியின் வழியே கிறிஸ்தவத்தை விளக்கிய ஏ.ஜே.அப்பாசாமி, தலித் இறையியலுக்கு அடியெடுத்துக் கொடுத்த அர்விந்த் நிர்மல், அரசரடியில் பறையையும் நாட்டுப்புற மெட்டுகளையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்த தியோபிலஸ் அப்பாவு என்று அவ்வரிசை நீள்கிறது. சாதியையும் சமயத்தையும் ஆராயும் சமூகவியல் மாணவருக்கு இவர்கள் எழுத்து இன்றியமையாதது. ஆனால் அவருடைய பாடநூல்களில் இவர்கள் பெயர் தென்படுவது அரிது.

செராம்பூர் வளாகத்தில் கலை, அறிவியல் பயில்வோர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைப் பெறுகின்றனர். இறையியல் பயில்வோர் டேனிஷ் சாசனத்தின் வழிவந்த செனட்டின் பட்டத்தைப் பெறுகின்றனர். ஒரே ஆற்றங்கரையில், ஒரே கல்லூரியின் பெயரில், வரலாற்று மாணவருக்கு மார்ட்டின் லூதர் ஐரோப்பிய வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவும், பி.டி. மாணவருக்கு உரோமையர் நிருபத்தின் உரையாசிரியராகவும் தனித்தனியே அறிமுகமாகிறார்.