கேரளத்தின் கணக்கும் எங்கள் மலையின் கணக்கும்

சில மாதங்களுக்கு முன் பண்டாரவளையில் ஒரு கருத்தரங்கு. விரிவுரையாளர் சுவரில் ஓர் அட்டவணையைக் காட்டினார். ஒரு பக்கம் கேரளம், மறு பக்கம் இலங்கை. எழுத்தறிவு, சிசு மரணம், ஆயுட்காலம், குடும்பத்தின் அளவு என எல்லா வரிகளிலும் இரண்டும் அக்கா தங்கை போல நின்றன. பணக்கார நாடாக இல்லாமலேயே மக்களை நன்றாக வாழவைக்க முடியும் என்பதற்கு இவையிரண்டும் சாட்சி என்று அவர் முடித்தார். பின் வரிசையில் என் பக்கத்தில் இருந்தவர் பெரகலைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பிரா பார்க்கும் பெண். மெதுவாகக் கேட்டார்: "சாமி, இதுல நம்ம தோட்டம் எங்க இருக்கு?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்வியால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கேரளத்துக்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். 1991ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியாவின் எழுத்தறிவு 52 சதவீதம். கேரளத்தில் அது 90 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 18ஆம் திகதி கோழிக்கோட்டில் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்ற பிரகடனத்தை வாசித்தவர் அமைச்சரல்லர். முதிய வயதில் எழுத்துக் கற்ற செலக்காடன் ஆயிஷா என்ற ஏழைத் தாய் அவர். அதற்கு முன்னதாக எர்ணாகுளம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள், பெரும்பாலும் இளைஞர், சம்பளமில்லாமல் வீடு வீடாகச் சென்று எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். 2011இல் மாநிலத்தின் எழுத்தறிவு 94 சதவீதமாயிற்று. பெண்களிடையே மட்டும் எடுத்தாலும் 92. பத்தாண்டு மக்கள்தொகை வளர்ச்சி 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை 6. முழு இந்தியாவில் 28.

இந்த வெற்றிக்குக் கருத்தடை முகாம்கள்தான் காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த முகாமில் 63,000க்கும் மேற்பட்ட ஆண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது உண்மையே. ஆனால் அத்தகைய முகாம்கள் வட இந்தியாவிலும் நடந்தன, அங்கே இந்த விளைவு வரவில்லை. கேரளத்தில் படித்த தாய் இருந்தாள். நடந்து போகக்கூடிய தூரத்தில் சுகாதார நிலையம் இருந்தது. பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. அதன் பின்னரே குடும்பம் சிறியதாயிற்று. எது முதலில், எது பின்னால் என்ற இந்த வரிசை முக்கியமானது என்பது என் எண்ணம்.

எங்கள் மலையில் அந்த வரிசை தலைகீழாக நடந்தது. 1980களில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு 500 ரூபா வரை ஊக்கப்பணம் கொடுக்கப்பட்டது. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அது பல நாட் சம்பளம். பள்ளிக்கூடம் ஒழுங்காக வருமுன், நல்ல மருத்துவமனை வருமுன், சத்திரசிகிச்சைக்கு அழைத்துப்போக லொறி மட்டும் லயத்து வாசலுக்கு வந்தது. திருச்சபையின் போதனையை நான் இங்கே இழுக்க வரவில்லை. அந்தப் பெண்ணிடம் விளங்கும் மொழியில் யாராவது விளக்கிக் கேட்டார்களா என்பதே என் கேள்வி.

கேரளத்துக்குத் திரும்புவோம். அங்கேயும் மலை இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, பீர்மேடு பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். எங்கள் முன்னோர் கண்டிச் சீமைக்கு வந்த அதே வறுமையில் அவர்களுடைய முன்னோர் மூணாறுக்கு ஏறினார்கள். 2015 செப்டெம்பரில் அங்குள்ள பெண் தொழிலாளர் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே வீதியில் உட்கார்ந்தபோது அவர்களுடைய நாட்சம்பளம் 232 ரூபா. 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் திகதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் போனார்கள். அட்டப்பாடியில் ஆதிவாசிகளின் குழந்தைகள் போஷாக்கின்றி இறந்த செய்தி 2013இல் நாடெங்கும் பேசப்பட்டது. ஆயிரத்துக்கு ஆறு என்ற அந்த அழகான எண்ணுக்குள் இவர்களும் இருக்கிறார்கள், ஆனால் வெளியே தெரிவதில்லை.

இலங்கையின் கதையும் இதுதான். 1945இல் இலவசக் கல்வி வந்தது; தோட்டத்துப் பாடசாலைகளை அரசாங்கம் முறையாகப் பொறுப்பேற்றதோ 1970களின் பிற்பகுதியில்தான். இடையிலே முப்பது ஆண்டுகள், அதாவது ஒரு தலைமுறை. 2012ஆம் ஆண்டில் நாட்டின் எழுத்தறிவு 95 சதவீதத்தைத் தாண்டியிருந்தபோது தோட்டத்துறையில் அது 86 சதவீதமளவில் நின்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளவில் 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7 சதவீதம். மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். பத்தாண்டுகளுக்கு முன்பு அது 40 சதவீதம். குறைந்திருப்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வறுமைக் கணக்கு இன்னும் விசித்திரமானது. 2016இல் தோட்டத்துறையில் வறியோர் 8.8 சதவீதம் என்றார்கள். 2019இல் 33.8 சதவீதம். மூன்றாண்டில் மக்கள் இப்படி விழுந்துவிட்டார்களா? இல்லை. பழைய வறுமைக்கோட்டை எடுத்துவிட்டுப் புதிய கோட்டை வைத்து அளந்தார்கள், அவ்வளவுதான். கொழுந்துக் கூடையும் தலைக்கயிறும் அப்படியே இருந்தன; அளவுகோல் மாறியது. அந்த 8.8ஐ நம்பி எத்தனை திட்ட அறிக்கைகள் எழுதப்பட்டிருக்கும்! அவற்றில் ஓரிரண்டை நானும் எழுதியிருக்கிறேன்.

தோட்டத்துறை என்றால் என்ன? 20 ஏக்கருக்குக் குறையாத நிலமும், அதில் குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேராவதும் இருக்க வேண்டும் என்பது திணைக்களத்தின் வரைவிலக்கணம். ஆகவே ஒரு பிள்ளை படித்து ஆசிரியராகி அப்புத்தளையில் வீடெடுத்தால் அந்தப் பிள்ளை தோட்டக் கணக்கிலிருந்து போய்விடுகிறது. கொழும்புக் கடைக்குப் போன பையன் நகர்ப்புறக் கணக்கில் சேர்கிறான். முன்னேறியவர்கள் வெளியே, முன்னேறாதவர்கள் உள்ளே. தோட்டத்தின் வளர்ச்சியை இந்தக் கணக்கு சற்றுக் குறைத்தே காட்டுகிறது என்பதை நேர்மைக்காகச் சொல்லவேண்டும். எங்களுக்குச் சாதகமான எண்ணை மட்டும் பொறுக்கி எடுத்தால் நாமும் அந்த விரிவுரையாளரைப் போலத்தான்.

மக்கள்தொகையின் கதை வேறு. 1971இல் 'இந்தியத் தமிழர்' என்று பதியப்பட்டோர் 11 இலட்சத்து 74 ஆயிரம். பத்தாண்டு கழித்து 8 இலட்சத்து 18 ஆயிரம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அதன்படி கப்பலேறிய குடும்பங்கள். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எங்கள் பங்கு நாட்டின் மக்களில் 2.8 சதவீதம். இதில் எவ்வளவு போனவர்களால், எவ்வளவு இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டதால் என்று பிரித்துக் காட்ட அந்த எண்ணுக்குத் தெரியாது. பதுளை மாவட்டத்தில் மட்டும் 2012இல் எங்களவர் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம்.

எழுத்தறிவு என்ற சொல்லையும் ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களை எண்ணுகிறார்கள், இலங்கையில் பத்து வயதிலிருந்து. கேரளத்தையும் இலங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே அவ்வளவு சரியில்லை. அது போகட்டும். எங்கள் இளைஞர்களோடு லயம் லயமாகப் போய் விபரம் எடுத்தபோது ஒரு தாய், "தமிழ் வாசிப்பேன், எழுதுவேன்" என்றார். உண்மைதான், என் கண்முன்னே பேப்பரை வாசித்துக் காட்டினார். பிறகு தட்டிலிருந்து ஒரு மருந்துப் போத்தலை எடுத்து, "இதுல என்ன எழுதியிருக்குனு நீங்களே சொல்லுங்க சாமி" என்றார். மேலே ஒட்டியிருந்த தாளில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. பிள்ளைக்கு எத்தனை வேளை கொடுக்க வேண்டும் என்பதை அவர் ஞாபகத்தில் வைத்திருந்தார், தவறாக. குடிசன மதிப்பீட்டில் அவர் எழுத்தறிவு பெற்றவர். அந்தப் போத்தலுக்கு முன்னால்?

எண்ணுவது யாருக்காக என்பதைப் பெரகலையிலிருந்து கொஸ்லந்தைக்குப் போகும் பாதையில் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை இறங்கியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். அவர்களிற் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். மண்ணுக்குள் எத்தனை பேர்? முதலில் முந்நூறு என்றார்கள். பிறகு இருநூறுக்குக் கீழே என்றார்கள். பிறகு இன்னும் குறைந்தது. கொழுந்தை இறாத்தல் கணக்கில் எழுதிய தோட்டம், ஒவ்வொரு பேரையும் அரைப்பேரையும் செக்ரோலில் பதிந்த தோட்டம். வேலைக்கு வந்தவர்களின் கணக்கு அங்கே இருந்தது. லயத்தில் தூங்கி எழுந்தவர்களின் கணக்கைத்தான் உடனே எடுத்துச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

ஆகவே திணைக்களத்திடம் நாம் கேட்க வேண்டியது ஒன்று: மாவட்டச் சராசரியோடு நிறுத்தாமல், தோட்டத்துறையின் சுகாதார, கல்வி விபரங்களைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக, ஹல்துமுல்லைக்கு வேறாக, அப்புத்தளைக்கு வேறாக, தமிழிலும் வெளியிட வேண்டும். அது வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எர்ணாகுளத்தில் கற்பித்தவர்கள் யார்? உயர்தரம் எழுதிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகளைப் போன்றவர்கள்தான்.

இப்போது சில டிவிசன்களில் அவர்களிடம் ஆளுக்கொரு கொப்பி கொடுத்திருக்கிறோம். லயக் காம்பிராவுக்கு ஒரு பக்கம். இருப்போர் பெயர், வயது, படிப்பு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் உண்டா, மிசி கடைசியாக வந்த நாள், தாயின் சம்மதத்தோடு நிறை அட்டையிலிருந்து எடுத்த நிறை. போத்தலில் என்ன மொழி என்பதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். கருத்தரங்கில் கேள்வி கேட்ட அந்தப் பெண்தான் தம்முடைய டிவிசனுக்குப் பொறுப்பு. போன கிழமை கொப்பியோடு வந்தார். அவருடைய மூத்த மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவான். அவனை இந்தப் பக்கத்தில் எழுதுவதா வேண்டாமா என்று கேட்டார். நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்குப் பென்சிலால் எழுதியிருக்கிறார்.