கறுப்புத் திரைக்கு ஃபார்மேட் மருந்தல்ல

“மகன் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. ஆய்வேடு முழுவதும் அவனுடைய மடிக்கணினியில் இருக்கிறது. நேற்று உபுண்டுவைப் புதுப்பித்தான். அதன்பிறகு திரை கறுப்பாகவே நிற்கிறது. ஃபார்மேட் செய்வதுதான் வழி என்கிறார்கள் கடையில். அடுத்த வாரம் ஒப்படைக்க வேண்டும். என்ன செய்வது?” என்று கிள்ளானிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். என்விடியா டிரைவரை அந்நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி மகனே நிறுவினாராம்.

அம்மா, ஃபார்மேட் வேண்டாம். படம் காட்டும் டிரைவர்தான் பழுது. ஆய்வேடு வட்டில் அப்படியே இருக்கும்.

காரணம் இதுதான். லினக்ஸின் மையப் பகுதியைக் கெர்னல் என்பார்கள். தளத்திலிருந்து இறக்கி நிறுவும் டிரைவர், அன்றிருக்கும் கெர்னலுக்கு ஏற்பத் தயாராகிறது. புதுப்பித்தலில் கெர்னல் மாறினால், பழைய டிரைவர் அதனுடன் பொருந்தாமல் போகலாம்.

செய்ய வேண்டியவை:

1. உபுண்டு நிறுவிய யுஎஸ்பியைச் செருகி, அதிலிருந்தே கணினியைத் திறக்கவும். பட்டியலில் ‘சேஃப் கிராஃபிக்ஸ்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கவும். எதையும் நிறுவாமல், ஆய்வேட்டை வேறொரு யுஎஸ்பியில் நகலெடுக்கவும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

2. யுஎஸ்பியை எடுத்துவிட்டு மறுபடி திறக்கவும். தயாரிப்பாளர் சின்னம் மறைந்ததும் எஸ்கேப் விசையைத் தட்டினால் ஒரு பட்டியல் வரும். ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கவும். பெரும்பாலும் திரை திரும்பிவிடும்.

3. டெர்மினலில் ‘சூடோ என்விடியா-அன்இன்ஸ்டால்’ கட்டளையால் பழைய டிரைவரை நீக்கவும். பிறகு ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ பகுதிக்குச் சென்று, ‘டெஸ்டட்’ என்று குறிப்பிட்டிருக்கும் டிரைவரை நிறுவவும். உபுண்டு வழியாக வரும் டிரைவர், கெர்னல் மாறும்போது தானும் சேர்ந்து மாறிக்கொள்ளும்.

4. நிறுவும்போது செக்யூர் பூட்டுக்காகக் கடவுச்சொல் கேட்டால், அதைத் தாளில் எழுதி வைக்கவும். மறுபடி திறக்கையில் ஒரு நீலத்திரை வரும். பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டி, ‘என்ரோல் எம்ஓகே’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்கவும். பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். விட்டால், டிரைவர் இருந்தும் கெர்னல் அதை ஏற்காது.

ஒரு எச்சரிக்கை: செக்யூர் பூட்டை பயோஸில் அணைத்துவிடச் சிலர் சொல்வார்கள். அதே கணினியில் விண்டோஸும் இருந்தால், அது பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி கைவசம் இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள், அம்மா: ஒப்படைக்கும் வாரத்தில் கணினியைப் புதுப்பிக்கக் கூடாது. முதல் படியோடு நிறுத்தி, வேறு கணினியில் ஆய்வேட்டை முடிக்கட்டும். டிரைவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.